செட்டிங்கில சரியாக்கிடலாம்

எங்கள் அக்கா மாப்பிள்ளைக்கு எலக்ட்ரிக் வேலைதான் தொழில். ஆனால் எந்தச் சாமானையும் கழற்றிப் பார்ப்பது மட்டும் அவருக்கு ஆகாது. மிக்ஸி உறுமினால் அதன் அடியில் சாக்குத் துண்டை மடித்து வைப்பார். ஃபேன் ஆடினால் எதிர் இறக்கையில் ஒரு செல்லாக் காசை ஒட்டுவார். கதவு தரையில் உரசினால் கதவைச் சீவ மாட்டார், குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைக் கொத்துவார். அவர் வயரிங் செய்த எங்கள் வீட்டில் அடுக்களை சுவிட்சைப் போட்டால் குளிக்கிற அறையான குளிமுறியில்தான் விளக்கு எரியும். "இதக் கொஞ்சம் மாத்திக் குடுங்க அத்தான்" என்று கேட்டேன். மாற்றவில்லை. அடுக்களை சுவிட்சுக்கு மேலே 'குளிமுறி' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார்.

"கழத்தாண்டாம் டீச்சரே. செட்டிங்கில சரியாக்கிடலாம்." எதற்கும் அவரிடம் இந்த ஒரு பதில்தான்.

ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கும். நானும் சிரித்தவள்தான். இப்போது சிரிப்பு வருவதில்லை. அந்தப் பழக்கம் ஒரு பிள்ளையின் காலைத் தின்றுவிட்டது. வேறு யார் பிள்ளையும் இல்லை, அவர் பெற்ற பிள்ளை. ஆள் இப்போது உயிரோடு இல்லை. இல்லாத மனுஷனைப் பற்றி இப்படி எழுதலாமா என்று அக்கா கேட்பாள். கேட்கட்டும். அவர் பெயரைப் போட்டால் அவர் மகள் ஜெனி சங்கடப்படுவாள் என்பதற்காக மட்டும் போடாமல் விடுகிறேன். இல்லையென்றால் இனிஷியலோடு போட்டிருப்பேன்.

நல்ல உயரம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். கல்ஃபிலிருந்து கொண்டுவந்த சென்ட்டை வீட்டில் சும்மா இருக்கும்போதும் அடித்துக்கொள்வார். யாரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. அக்காவை ஒரு நாளும் 'போடி' என்றுகூடச் சொன்னதில்லை. அதுதான் எங்களை ஏமாற்றியது. குரல் உயர்த்தாத ஆம்பிளை தப்பு செய்ய மாட்டான் என்று நாங்கள் நம்பிவிட்டோம். அக்கா தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட். நான் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். கல்யாணம் கட்டவில்லை. எங்கள் இரண்டு வீடும் ஒரே காம்பவுண்டுக்குள், இரணியல் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில். அதனால் அவர் செய்த ஒவ்வொரு கூத்தையும் பக்கத்திலிருந்து பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

எங்கள் அப்பா இறந்தபோது அவர் ஷார்ஜாவில் இருந்தார். அக்கா போனில் அழுதாள். லீவு தர மாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னார். அவர் லீவே கேட்கவில்லை என்பது, அவரோடு ஒரே ரூமில் தங்கியிருந்த ஒருவர் ஊருக்கு வந்தபோது தெரிந்தது. சாவு வீட்டுக்கு வர அவருக்குப் பயம். அடுத்த லீவில் வந்தவர் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்கு கிரானைட் கல்லறை கட்டினார். மேலே பளிங்கில் சிலுவை. சுற்றிலும் ஸ்டீல் கம்பி. "மருமவன்னா இப்பிடி இருக்கணும்" என்று ஊர் வாய் ஓயவில்லை. மெழுகுவர்த்தியோடு அங்கே நின்ற அக்கா என் காதோடு சொன்னாள்: "எனக்குக் கல்லு வேண்டாம்டி. அண்ணைக்கு எனக்க பக்கத்துல நிக்க ஒரு ஆளு வேண்டியிருந்து. அவ்வளவுதான்."

அவரிடம் அவள் அதைச் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

"அதுக்குத்தானே டீச்சரே இவ்வளவு பெரிசாக் கெட்டினேன்" என்றார், முகம் மலர்ந்து. எளவு, அந்த மனுஷனுக்கு நான் சொன்னது புரியவே இல்லை.

இரண்டாயிரத்து எட்டு ஒன்பது வாக்கில் கல்ஃபை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். கொண்டுவந்த பெட்டியில் ஒரு ரிமோட் இருந்தது. யாரோ அரபி வீட்டுப் பையன் விளையாடித் தூக்கிப் போட்டதாம். போட் ஓட்டுகிற ரிமோட், போட்டுதான் இல்லை. "போட்ட நாம செய்வோம் மக்ளே" என்று ஜெனியிடம் சொன்னார். ஜெனி அவருடைய ஒரே மகள், அப்போது ஏழாம் கிளாஸ். கொழுகொழுவென்று இருப்பாள். அப்பா ஊரில் இருப்பதே அவளுக்குப் பெரிய திருவிழா. அவர் எந்த வேலையில் உட்கார்ந்தாலும் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவளும் உட்கார்ந்திருப்பாள்.

போட் எதற்கு என்றால் கிறிஸ்துமஸ் குடிலுக்கு. எங்கள் பக்கத்தில் குடில் என்றால் வைக்கோலும் நான்கு பொம்மையும் அல்ல. வாலிபப் பையன்கள் மலை கட்டுவார்கள், அருவி விடுவார்கள், மோட்டார் வைத்து ஆட்டிடையனைத் தலையாட்ட வைப்பார்கள். பக்கத்து ஊர்க் குடிலைத் தோற்கடிக்க வேண்டும் என்பதுதான் அங்கே பக்தி. அந்த வருஷம் கோயிலுக்குப் பின்னால் உள்ள குளத்தின் அக்கரையில் குடில் கட்டுவது என்று முடிவானது. குழந்தை ஏசுவைப் பார்க்க வருகிற மூன்று ஞானிகளுக்கு இவர் போய் ஒரு வழி சொன்னார்: "மூணு ஞானியும் போட்டுல வரட்டும். ஒட்டகத்துல வந்தா இப்பம் ஆரு பாப்பாங்க?" பையன்கள் கை தட்டினார்கள். ஃபாதரும் தலையாட்டிவிட்டார்.

மாமரத்தடியில் வேலை தொடங்கியது. பிளைவுட்டில் உடம்பு. குளச்சல் பக்கம் பைபர் வள்ளம் செய்கிற இடத்திலிருந்து மிச்சமான ரெசின் வாங்கி வந்து மேலே பூசினார். பின்னால் தண்ணீரைத் தள்ளுகிற விசிறி, அதைச் சுழற்றுகிற ராடு, அந்த ராடு நுழைய ஒரு பித்தளைக் குழாய். குழாயை ரெசின் வைத்து ஒட்டிவிட்டு, இறுகுகிறவரை நேராகப் பிடித்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஷார்ஜாவிலிருந்து போன். குழாயை அப்படியே விட்டுவிட்டு, பேசிக்கொண்டே கேட் வரைக்கும் போனார். திரும்பி வந்தபோது ரெசின் கல்லாகிவிட்டது. குழாய் நடுக்கோட்டிலிருந்து விலகி நின்றது. அதிகம் ஒன்றும் இல்லை, ஒரு விரற்கடை இருக்கும்.

குளத்தில் விட்ட முதல் நாளே போட் இடப்பக்கம் இழுத்தது. நேராகப் போ என்றால் அது இடப்பக்கம் வட்டம் போட்டுக்கொண்டு இவர் காலடிக்கே திரும்பி வந்தது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவரும்தான். ரிமோட்டில் ஒரு குட்டிச் சக்கரம் உண்டு. அதைத் திருகினால் போட்டின் பின்னால் இருக்கிற சுக்கான் கொஞ்சம் நிரந்தரமாகத் திரும்பி நிற்கும். அதை வலப்பக்கம் திருகினார். முழுக்கத் திருகியும் போதவில்லை. போதாததோடு, இனி வலப்பக்கம் திரும்பச் சொன்னால் சுக்கானுக்குத் திரும்பக் கொஞ்சம் இடம்தான் மிச்சம். பிறகு வலப்பக்கம் ஈயக்கட்டி வைத்தார். போட் அந்தப் பக்கம் சாய்ந்து தண்ணீர் குடித்தது. தண்ணீர் ஏறாமல் இருக்க ஓரத்தில் பலகை அடித்தார். பலகையின் கனத்தில் மோட்டார் மூச்சு வாங்கிச் சூடேறியது. சூடு போகட்டும் என்று மேலே ஓட்டை போட்டார். ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்தது. தண்ணீரை உறிஞ்ச உள்ளே பஞ்சு வைத்தார். இப்படியே ஓணமும் போய் சரஸ்வதி பூஜை லீவும் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் போட்டைத் தூக்கி என் தையல் மிஷின் மேல் கவிழ்த்துப் போட்டேன். முன்முனையிலிருந்து பின்முனைக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தேன். நூல் ஒரு வழி, குழாய் ஒரு வழி. குருடனுக்கும் தெரியும்.

"அத்தான், குழாயே கோணல். அறுத்து எடுத்திட்டு ஒழுங்கா ஒட்டுங்க. ஒரு நாள் வேலதானே?"

"ஒட்டினத அறுத்தா பொறவு அது பழையபடி நிக்காது டீச்சரே."

"வெட்டு கோணிப்போன துணிய எவ்வளவு தேச்சாலும் நேராவாது. தையலப் பிரிச்சுத்தான் ஆவணும்."

"ஏ மக்ளே ஜெனி, ஒனக்க சித்தி போட்டுக்கு பிளவுஸ் தைக்க வந்திருக்கா, ஓடி வந்து பாரு" என்றார். ஜெனி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படிப் பேசியே ஆளைக் கவிழ்த்துவிடுவார்.

அந்தக் கோணல் போட்டை நேராக ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் ஜெனிதான். கட்டைவிரலை எந்நேரமும் கொஞ்சம் வலப்பக்கமாக அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டுவாள். விரல் சிவந்து போகும். "நோவலியா மக்ளே?" என்று கேட்டால், "இல்லப்பா, பழகிட்டு" என்பாள். அவருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. வருகிறவர் போகிறவரை எல்லாம் நிறுத்தி அவளை ஓட்டிக் காட்டச் சொல்வார். போட் எங்காவது பாயலில் சிக்கினால் படியில் இறங்கி எடுத்து வருவதும் அவள்தான். பாயல் என்றால் எங்கள் ஊரில் குளத்துப் பாசி.

முழங்கால் முட்டு நோவுகிறது என்று அவள் சொல்லத் தொடங்கியது பள்ளிக்கூடம் திறந்த புதிதில். விளையாடியிருப்பாள், வளர்கிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்றுதான் எல்லாரும் எண்ணினோம். தைலம் தேய்த்தோம். போகவில்லை. பூஜை லீவில் புதுப் பாவாடைக்கு அவளை நிறுத்தி அளவெடுத்தேன். தரையிலிருந்து அளந்தபோது இரண்டு பக்கமும் ஒத்து வரவில்லை. மறுபடி நிறுத்தி அளந்தேன். இடுப்பே ஒரு பக்கம் சரிந்து நின்றது. இடது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அன்றைக்கே அக்காவிடம் சொன்னேன், உடனே எலும்பு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று. அக்கா அவரைப் பார்த்தாள்.

அவர் ஜெனியைக் கேட் வரை நடக்கவிட்டுப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, போட்டைப் பார்க்கிற அதே பார்வை. "ஒரு காலு லேசாக் கொறவு. அவ்வளவுதானே?" என்றார். அன்று சாயங்காலமே அவளுடைய இடது செருப்பின் அடியில் ரப்பர் வெட்டி ஒட்டினார். ஓரம் வழவழவென்று தேய்த்து, கறுப்புச் சாயம் பூசி, கடையில் வாங்கியது போலவே செய்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு ஜெனி நடந்தாள். இடுப்பு நேராகத்தான் நின்றது.

"பாத்தியளா டீச்சரே? ஆஸ்பத்திரி என்னத்துக்கு?"

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை அக்காவிடம்கூடச் சொல்லாமல் ஜெனியைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நின்றேன். எந்த நாசமாய்ப் போனவன் போய்ச் சொன்னானோ, பஸ்ஸுக்கு முன்னால் அவருடைய பைக் வந்து நின்றது.

"எனக்க பிள்ளையக் கீற ஒங்களுக்கு ஆரு சொன்னா?" அப்போதும் குரல் உயரவில்லை.

"ஆரும் கீறல்ல அத்தான். ஒரு படம் எடுத்துப் பாப்பாங்க. அவ்வளவுதான்."

"படம் எடுத்தா பொறவு கீறதுக்குத்தான் கூப்பிடுவான்." ஜெனியின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மக்ளே. இப்பம் ஒனக்கு நோவுதா?"

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. அவர் செய்து கொடுத்த செருப்பைக் குனிந்து பார்த்தது. "இல்லப்பா" என்றது.

காலைக் கையால் தூக்கி வைத்துத்தான் பைக்கில் ஏறினாள். அதை நான் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் அழுதாள். "அவருக்க அம்மைக்கு வயித்துல கட்டின்னு கீறக் கொண்டு போனாரு. பெட்டியிலதான் திரும்பக் கொண்டு வந்தாரு. அந்தப் பயம்டி. சும்ம கெடயேன், செருப்பு போட்ட பொறவு பிள்ள நல்லாத்தானே நடக்கா" என்றாள். அவருடைய அம்மா கதை எனக்கும் தெரியும். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பயம் அவருக்கு இருந்தால் அதை அவரல்லவா சுமக்க வேண்டும்? அந்தப் பிள்ளையின் இடுப்பில் ஏற்றி வைத்தால் எப்படி?

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் குளக்கரையில் ஊரே கூடி நின்றது. அக்கரையில் குடில், மலை, மின்னுகிற பல்புகள். ஃபாதர் வந்து நின்றார். மூன்று ஞானிப் பொம்மைகளையும் போட்டில் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். அதுவரை பொம்மைகளை ஏற்றி ஒரு தரம்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. ஜெனி ரிமோட்டுக்காகக் கை நீட்டினாள். "இண்ணைக்கு அப்பா ஓட்டுகேன் மக்ளே. ஆளுங்க எல்லாம் பாக்குகாங்க" என்றார்.

போட் புறப்பட்டது. பாட்டு போட்டார்கள். பாதிக் குளம் தாண்டும் முன்னே ஞானிகள் மூவரும் இடப்பக்கம் திரும்பி, குடிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இந்தக் கரையோரத்துப் பாயலுக்குள் போய் முட்டி நின்றார்கள். "ஞானிமாரு வழி தெத்திப் போயாச்சு டோய்!" என்று ஒரு பையன் கத்த, கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஃபாதரும் சிரித்துவிட்டார். அத்தான் முகத்தில் அன்றுதான் சிரிப்பு இல்லை. ரிமோட்டில் சக்கரத்தைத் திருகிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "மக்ளே, எறங்கி ஒண்ணு தள்ளி விடு."

"அவ எறங்காண்டாம். ஏட்டி, நில்லு, நான் எடுக்குகேன்" என்று கத்திக்கொண்டே கூட்டத்தை விலக்கி ஓடினேன். அதற்குள் அவள் படியில் கால் வைத்துவிட்டாள். அடிப்பக்கம் தூக்கி ஒட்டிய செருப்பு, ஈரப்படி. வழுக்கி உட்கார்ந்தாள். பெரிய விழுகை ஒன்றும் இல்லை, வேறு பிள்ளை என்றால் பாவாடையைத் தட்டிவிட்டு எழுந்திருக்கும். ஜெனி போட்ட சத்தத்தில் பாட்டை நிறுத்தினார்கள். இடது கால் வேறு யாருடையதோ போல வெளிப்பக்கம் மடங்கிக் கிடந்தது.

அவர் ஓடி வந்தார். கையில் இன்னும் ரிமோட். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, சுளுக்குதான். நேராக்கிடலாம்" என்று குனிந்து அந்தக் காலைப் பிடித்து இழுக்கப் போனார். "தொடாதீங்க!" என்று அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். அக்கா மாப்பிள்ளையை ஊர் முன்னால் தள்ளிய பெண் என்று என்னை இன்றும் சொல்வார்கள். சொல்லட்டும். அன்றைக்கு முன்னாலேயே தள்ளியிருந்தால் இன்னும் நல்லது.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். எவ்வளவு நாளாக நொண்டுகிறாள் என்று கேட்டார். பள்ளிக்கூடம் திறந்த காலத்திலிருந்து முட்டு வலி என்று அக்கா சொன்னாள். "முட்டு வலின்னு சொன்னாலும் கோளாறு இடுப்புலதாம்மா. தொடை எலும்போட தலைப்பாகம் மெதுவா நழுவிட்டே இருந்திருக்கு. இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு வர்றதுதான். அப்பவே படம் எடுத்திருந்தா ஒரு ஸ்குரூ போட்டு அங்கயே நிறுத்தியிருக்கலாம். இப்போ முழுசா நழுவிட்டு."

"நான் செருப்பு செட் பண்ணிக் குடுத்திருந்தேன் டாக்டர்" என்றார் அத்தான். "நல்லா நேராத்தான் நடந்தா."

டாக்டர் படத்தை எடுத்து உறையில் போட்டார். "அதனாலதான் ஒருத்தர் கண்ணுக்கும் படாமப் போயிருக்கு" என்றார்.

நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது உடையும், இப்போதாவது ஒரு வார்த்தை வரும் என்று. "ஆபரேஷன் கண்டிப்பா வேணுமா டாக்டர், வேற எதும் பண்ண முடியாதா?" என்று கேட்டார். அக்கா அவரிடம் கேட்காமலே கையெழுத்துப் போட்டாள். ஆபரேஷன் நடந்த நேரத்தில் அவரை எங்கும் காணவில்லை. தியேட்டர் வாசலில் நானும் அக்காவும்தான் உட்கார்ந்திருந்தோம். ஜெனியை வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு, கையில் கப்பி, கயிறு, ஸ்டீல் கம்பி எல்லாமாக ஒரு பையோடு வந்து நின்றார்.

எலும்பு சேர்ந்தது. ஆனால் ரத்த ஓட்டம் போய் அதன் தலைப்பாகம் கொஞ்சம் கெட்டுவிட்டது. கால் குட்டையாகத்தான் இருக்கும், இடுப்பு முன்போல மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். கபடி டீமில் சேர வேண்டும் என்று ஆசைப்பட்ட பிள்ளை.

வீட்டில் அவள் படுத்திருந்த கட்டிலை அவர் ஒரு கண்காட்சி ஆக்கிவிட்டார். எழுந்து உட்கார, மேலே கப்பியில் ஒரு பிடி. அம்மாவைக் கூப்பிட பெல். இழுத்தால் மடிமேல் வந்து நிற்கிற பலகை. தலைமாட்டில் ஒரு குட்டி ஃபேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். "அப்பன்னா இப்பிடில்லா இருக்கணும்" என்றார்கள். அவர் அந்தப் புகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டு பெல்லை இன்னொரு முறை அடித்துக் காட்டுவார். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

ஒரு மத்தியானம் நான் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவர் ஸ்டூலில் நின்று ஃபேனை என்னவோ செய்துகொண்டிருந்தார். ஜெனி திடீரென்று கேட்டாள்:

"அப்பா, அண்ணைக்கு பஸ் ஸ்டாப்புல நான் நோவுதுன்னு சொல்லியிருந்தா, கொண்டு போயிருப்பியளா?"

என் கை நின்றுவிட்டது. அவர் ஃபேனின் கழுத்தை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பினார்.

"இப்பம் காத்து வருதா மக்ளே?" என்றார்.

ஜெனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பின்னி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாக்கரில் நடந்து, பிறகு கம்பு ஊன்றி நடந்து, அடுத்த பள்ளிக்கூட வருஷம் தொடங்கும் நேரத்தில் கடைசி முறையாக டாக்டரிடம் போனோம். நடக்கச் சொல்லிப் பார்த்தார். இனி செய்ய வேறு ஒன்றும் இல்லை, இடது காலுக்கு அடிப்பாகம் உயர்த்திய ஷூ போட வேண்டும், வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அத்தான் தொடையில் ஓங்கித் தட்டினார். "பாத்தியளா? நான் அண்ணைக்கே செய்தது இதானே! இப்பம் டாக்டரே சொல்லியாச்சு!" அத்தனை மாசத்துக்குப் பிறகு அந்தப் பழைய சிரிப்பு திரும்ப வந்திருந்தது. ஆட்டோக்காரனிடம் சொன்னார். வீட்டில் இறங்கியதும் பக்கத்து வீட்டுச் சேச்சியைக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு அவர் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது. அக்காவுக்கு அது தெரிந்திருக்கிறது. என் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தாள்.

ஷூ செய்கிற இடம் நாகர்கோவிலில் ஒரு மாடியில் சின்ன அறை. நான்கு பேரும் போனோம். குட்டைக் காலின் அடியில் பலகைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடுப்பு மட்டமாகிறவரை பார்த்து அளவெடுப்பார்கள். அதுவரை பிள்ளை அசையாமல் நிற்க வேண்டும். "அப்பா வந்து தோளப் பிடிச்சுக்கோங்க" என்று அளவெடுக்கிற தம்பி சொன்னான். அவர் இதற்கென்றே காத்திருந்ததுபோல எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பர் துண்டை எடுத்தார். வீட்டிலேயே அளந்து வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார்.

"தம்பி, இத வச்சுப் பாருங்க. கரெக்டா இருக்கும். எனக்க பிள்ளைக்க காலு எனக்குத் தெரியும்."

ஜெனி பலகையிலிருந்து காலை எடுத்துவிட்டாள். "அப்பா, நீங்க வெளிய நில்லுங்க" என்றாள்.

"இல்ல மக்ளே, நான் பிடிச்சாத்தான் ஒனக்கு…"

"வெளிய நில்லுங்கப்பா."

அவளும் குரலை உயர்த்தவில்லை. அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் ஜெனியின் தோளைப் பிடித்துக்கொண்டேன். ரப்பர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெளியே போனார். ஆனால் கதவை முழுக்கச் சாத்தவில்லை. அந்த இடுக்கில் நின்றுகொண்டு, ஒரு கண்ணை மூடி, அவளுடைய இடுப்பு மட்டமாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தி, கதவ அடைங்க" என்றாள் ஜெனி.

நான் போய் அடைத்தேன்.